சிங்கப்பூர்க்காரர் பெயரில் விழுந்த விக்கெட்டுகள்

"ஓவருக்கு எத்தனை பந்துன்னு தெரியுமாம்மா உனக்கு?"

நான் முதன்முதலாக ஸ்கோர் மேசையில் உட்கார்ந்த அன்று, பக்கத்து நாற்காலியில் இருந்தவர் கேட்டது இது. அவர் எதிர் அணியின் ஸ்கோரர். வாரநாட்களில் இன்சூரன்ஸ் ஏஜென்ட். கையில் வறுகடலைப் பொட்டலம் இருந்தது. கேலி செய்வதற்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே சந்தேகப்பட்டுக் கேட்டார்.

"ஆறு சார். வைடு, நோபால் போட்டா ஏழு, எட்டு."

"ம்" என்றவர் எனக்கும் கொஞ்சம் கடலை நீட்டினார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. ஆட்டம் முடிந்து இரண்டு நோட்டையும் ஒப்பிட்டபோது அவருடையதில் ஐந்து ரன் குறைந்தது. எந்த ஓவரில் விட்டார் என்று விரல் வைத்துக் காட்டினேன். ஒரு பவுண்டரி, ஒரு வைடு. அதன்பின் எங்கள் இரு அணியும் ஆடும்போதெல்லாம் அவர் ஒவ்வொரு ஓவர் முடிவிலும் என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தன்னுடையதை எழுதினார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். கணிதத்தில் பட்டமும் வாங்கினேன். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். அப்பா அறுப்பு இயந்திரத்தின் பின்னால் மூட்டை பிடிப்பவர். இருவருக்கும் எழுத்து தெரியாது. குத்தாலத்தில் ஓர் இ-சேவை மையத்தில் எனக்கு வேலை. பட்டா, சிட்டா, அடங்கல், சாதிச் சான்றிதழ், ஆதார் திருத்தம் என்று நாள் முழுக்க அடுத்தவர்களின் பெயரைத் தப்பில்லாமல் எழுதுவதுதான் என் தொழில். என் கையெழுத்தைப் பற்றியும் கூட்டலைப் பற்றியும் எனக்குப் பெருமை உண்டு. அதை மறைக்கிற ஆள் இல்லை நான்.

ஸ்கோர் எழுத வந்ததும் அந்தப் பெருமையால்தான். எங்கள் பகுதி அணியின் கேப்டன் உரக்கடை வைத்திருப்பவர். டோர்னமென்ட் அட்டவணை அச்செடுக்க மையத்துக்கு வந்தபோது பழைய ஸ்கோர் நோட்டையும் மேசையில் வைத்திருந்தார். பிரிண்டர் சூடாவதற்குள் புரட்டிப் பார்த்தேன். ஒரே ஆட்டத்தில் பேட்டிங் பக்கம் நூற்று நாற்பத்து மூன்று, பவுலிங் பக்கம் நூற்று ஐம்பத்தொன்று.

"அண்ணே, எட்டு ரன்னு எங்க போச்சு?"

"வாய்க்கால்ல போயிருக்கும். நீ வந்து உக்காந்து பிடிச்சுக் குடேன்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, டோர்னமென்ட்டுக்கு முந்தைய பயிற்சி ஆட்டத்துக்குப் போய் உட்கார்ந்தேன்.

எங்கள் மைதானம் ஆண்டில் நான்கு மாதம்தான் மைதானம். சம்பா அறுப்பு முடிந்ததும் மற்ற வயல்களில் உளுந்து தெளிப்பார்கள். இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடுவார்கள். மாசியில் உள்வரப்புகளை வெட்டிச் சமன் செய்து, நடுவில் களிமண் கொட்டி, தண்ணீர் தெளித்து, உருளை இழுத்துப் பிட்ச் போடுவார்கள். சித்திரை வெயிலில் அது பாளம் பாளமாக வெடிக்கும். பந்து கிழக்குப் பக்க வாய்க்காலில் விழுந்தால் இரண்டு ரன் என்று விதி. ஆற்றில் தண்ணீர் வருவதற்குள் கடைசி ஆட்டம் முடிந்துவிட வேண்டும். பிறகு அங்கே நாற்றுதான் நிற்கும்.

டோர்னமென்ட்டுக்கு இன்னொரு விதியும் இருந்தது. ஒன்றியத்துக்குள் இருப்பவர்கள் மட்டும்தான் ஆடலாம். ஒவ்வொரு அணியும் பதினைந்து பேரின் பட்டியலை ஆதார் நகலோடு கமிட்டியிடம் கொடுக்க வேண்டும். எங்கள் அணியின் பட்டியலை அடித்தவள் நான்தான். அடித்துக்கொண்டே வந்து ஒரு பெயரில் நிறுத்தினேன். அந்த ஆள் கட்டட வேலைக்குச் சிங்கப்பூர் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அவருக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பம் போட்டதும் நான்தான்.

"இவரு இங்க இல்லையேண்ணே."

"லிஸ்ட்டுல இருக்கட்டும்மா."

"எப்படிண்ணே?"

"பக்கத்து டீம்ல துபாய்ல இருக்குற ஆளு ஓப்பனிங் இறங்குறான். உனக்குப் பக்கத்துல உக்காந்து கடலை திங்கிறாரே, அவரு டீம் கீப்பர் குவைத்துல ஏசி மெக்கானிக். ஃப்ளைட்டு புடிச்சு வந்தா கீப் பண்றாங்கிற? எழுதும்மா."

எங்கள் பக்கத்து வழக்கம் இது. வெளியூரிலிருந்து நல்ல ஆட்டக்காரரை இறக்க வேண்டுமானால், வெளிநாடு போனவரின் பெயரில் இறக்குவார்கள். எல்லா அணிகளும் செய்வதால் எந்த அணியும் ஆட்சேபிப்பதில்லை. நானும் எழுதினேன்.

அந்தப் பெயரில் இறங்கியவன் நேபாளத்துக்காரன். பைபாஸ் சாலையில் ஒரு ஃபாஸ்ட் ஃபுட் கடையில் மாஸ்டர். அப்போது அவனுக்குப் பதினெட்டு வயது. கடை மாலை நான்கு மணிக்குத்தான் சூடு பிடிக்கும். அதற்கு முன் கடையின் பின்சுவரில் கரிக்கோடு போட்டுப் பந்து வீசிக்கொண்டிருப்பான். முட்டை சாதம் வாங்கப் போன கேப்டன் அதைப் பார்த்து, ஒரு பலகையை எடுத்துக்கொண்டு எதிரே நின்றிருக்கிறார். ஆறு பந்தில் நான்கு பந்து அவரைத் தாண்டிச் சுவரில் பட்டது. மற்ற இரண்டு முழங்காலில் பட்டன. "ஞாயித்துக்கிழம வர்றியா?" என்று கேட்டுவிட்டு, பொட்டலத்தை வாங்க மறந்து வந்துவிட்டாராம்.

நான்கே அடி நடந்து வந்து லெக் ஸ்பின் போடுவான். பந்து மேலே எழும்பி, வருமா வராதா என்று யோசிப்பது போல நின்று, பிறகு விழும். எங்கள் ஊர் ஆட்டக்காரர்களுக்கு எல்லாப் பந்தையும் வாய்க்காலுக்கு அப்பால் அனுப்ப வேண்டும். இவன் பந்து அவர்கள் சுற்றி முடித்த பிறகுதான் வந்து சேரும். வெடித்த களிமண்ணில் பட்டு எங்கே திரும்பும் என்பது விக்கெட் கீப்பருக்கே தெரியாது.

"பனியில எப்படிடா கிரிக்கெட் கத்துக்கிட்ட?" என்று முதல் நாளே ஒருவர் கேட்டார்.

"எங்க ஊர்ல பனி இல்ல அண்ணா. உங்க ஊர் மாதிரிதான். நெல்லு, வாய்க்கா, கொசு."

"அப்ப எதுக்குடா இவ்ளோ தூரம் வந்த?"

"அங்க ஃப்ரைடு ரைஸ் யாரும் வாங்க மாட்டான் அண்ணா."

முதல் ஆட்டத்திலேயே நான்கு விக்கெட் எடுத்தான். ஒவ்வொன்றையும் சிங்கப்பூர்க்காரர் பெயருக்கு நேராக எழுதினேன். பக்கத்து நாற்காலிக்காரர் அதையே தன் நோட்டிலும் எழுதினார். இரண்டு ஸ்கோரர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதே ஒருவரை ஒருவர் சரிபார்க்கத்தான். நாங்கள் சரிபார்த்துத் தலையாட்டினோம்.

ஆட்டம் முடிந்ததும் அவன் மேசைக்கு வந்தான். கை கழுவிவிட்டு வந்திருந்தான், ஈரத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். நான் தமிழில்தான் ஸ்கோர் எழுதுவேன். அவனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. நான்கு விக்கெட் குறித்திருந்த வரியில் விரல் வைத்தான்.

"இது நானா அக்கா?"

"ஆமா."

அந்த வரியில் இருந்த பந்துகள் எல்லாம் அவன் போட்டவை, அதனால் நான் சொன்னது பொய் இல்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். பட்டியலில் வேறு பெயர் கொடுத்திருப்பது அவனுக்குத் தெரியும். கேப்டன் சொல்லியிருந்தார். அது கமிட்டிக்காக மட்டும், விக்கெட் நோட்டில் தன் பெயர்தான் இருக்கும் என்று அவன் எண்ணியிருந்தான். செல்போனில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து ஊரில் இருக்கும் தன் அப்பாவுக்கு அனுப்பினான். பிறகு ஒவ்வொரு ஆட்டம் முடிந்தும் வந்து படம் எடுப்பான். நான் நோட்டை அவன் பக்கம் திருப்பி வைப்பேன்.

மூன்று பருவம் இப்படிப் போனது. இரண்டு முறை எங்கள் அணி கோப்பை வாங்கியது. செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்துக்கு முடிவை வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் நான்தான், ஆகவே சிங்கப்பூர்க்காரர் பெயர் அச்சிலும் வந்தது. ஒரு நாள் அவருடைய அம்மா அந்தச் செய்தித் துண்டோடு மையத்துக்கு வந்தார்.

"இத லேமினேஷன் போட்டுக் குடும்மா."

"இது உங்க பையன் ஆடுனது இல்லையேம்மா."

"தெரியாதா எனக்கு? அவன் ஓடி நான் பாத்ததே இல்ல. பேரு அவன் பேருதானே? கல்யாணத்துக்குப் பாத்துக்கிட்டு இருக்கோம். பயோடேட்டாவுலயும் ஒரு வரி போட்டுடு."

'மாவட்ட அளவில் கிரிக்கெட் வீரர்' என்று ஒரு வரி சேர்த்து அச்செடுத்துக் கொடுத்தேன். சிறந்த பந்துவீச்சாளர் கோப்பையையும் அவரே கேப்டனிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போய் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

மூன்றாவது பருவம் முடிந்த வைகாசியில் ஒரு மதியம் அவன் மையத்துக்கு வந்தான். முகத்தைக் கழுவித் தலை சீவி, அரசு அலுவலகத்துக்கு வருகிறவனைப் போல வந்திருந்தான். செல்போனில் ஒரு படிவம். அவன் ஊருக்குப் பக்கத்து நகரத்தில் இருக்கும் ஒரு கிரிக்கெட் கிளப் பயிற்சி முகாம் நடத்துகிறது. விண்ணப்பிக்கிறவர்களில் இருபது பேரைத்தான் கூப்பிடுவார்கள். முகாமில் தேறினால் கிளப்பில் இடம், அங்கிருந்து மாகாண அணிக்கு வழி. இருபத்தொரு வயது தாண்டியவர்கள் விண்ணப்பிக்க முடியாது. அவனுக்கு இருபத்தொன்று நடந்துகொண்டிருந்தது. இதற்கு முன் ஆடிய ஆட்டங்கள், எடுத்த விக்கெட்டுகள், அவற்றுக்கு ஸ்கோரரின் கையொப்பம் என்று படிவம் கேட்டது. கடைசி நாளுக்கு ஒன்பது நாள் இருந்தது.

"எல்லாம் போட்டோ இருக்கு அக்கா. நீ தமிழ்ல எழுதினத இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்தா போதும். கையெழுத்தும் நீயே."

மையத்தில் அப்போது வேறு யாரும் இல்லை. நான் சொல்லிவிட்டேன்.

"அதுல உன் பேரு இல்ல. அவரு பேருதான் இருக்கு."

அவனுக்கு உடனே புரியவில்லை. படங்களைத் திறந்தான். முதல் படத்தைப் பெரிதாக்கி என் பக்கம் திருப்பினான்.

"இதுலயுமா?"

"ஆமா."

அடுத்ததைத் திறந்தான். "இதுல?"

"அதுலயும்."

முப்பத்தொரு படம் இருந்தது. பத்தோ பன்னிரண்டோ காட்டிய பிறகு நிறுத்திக்கொண்டான். "மூணு வருஷமா அப்பாவுக்கு அவரு பேரை அனுப்பிட்டு இருந்தேன்" என்றான். சத்தம் போடவில்லை. கடை திறக்கிற நேரம் ஆகிவிட்டது என்று எழுந்து போனான்.

கேப்டனுக்குப் போன் செய்தேன். அவருக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை.

"புது நோட்டு ஒண்ணு வாங்கு. எல்லா மேட்சையும் அவன் பேர் போட்டுத் திருப்பி எழுது. உன் கையெழுத்துக்கு யாரு சந்தேகப்படப் போறா? நல்ல பையன், போய் ஆடட்டும்."

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் புது நோட்டு வாங்கினேன். மூன்று ஆட்டங்களை எழுதியும்விட்டேன். எழுத்து ஒன்று கூடப் பிசகவில்லை. நான்காவது ஆட்டத்தில்தான் உறைத்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இன்னொரு நோட்டு உண்டு, எதிர் அணியுடையது. யாராவது சரிபார்க்கக் கேட்டால் அதில் பழைய பெயர் இருக்கும். என் நோட்டின் மேல் இருக்கும் நம்பிக்கையும் போய், அவன் போட்ட பந்துகளும் பொய்யென்று ஆகிவிடும்.

மறுநாள் இன்சூரன்ஸ்காரரைப் பார்க்கப் போனேன். வாசலில் பைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"எங்க டீம் நோட்டுல நான் மாத்தித் தர்றேம்மா. மத்த ஏழு டீம்லயும் நீ போய்க் கேப்பியா?"

"கேக்கலாம் சார்."

"கேளு. அப்படியே எங்க கீப்பரு பேரை உன் நோட்டுல மாத்திக்குடு. அவனும் கேட்டுக்கிட்டு இருக்கான், குவைத்துக்காரன் கேட்ச் புடிச்சான்னு எத்தனை நாளைக்குப் படிக்கிறதுன்னு."

சிரித்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் எட்டு அணி ஸ்கோரர்களும் உட்கார்ந்து மூன்று வருடத்து நோட்டுகளைத் திருத்தி எழுதுவதை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வீட்டில் அந்தப் புது நோட்டைப் பார்த்து அம்மா கேட்டார். "என்ன, எழுதுனதையே திருப்பி எழுதிக்கிட்டு இருக்க?" நடந்ததைச் சொன்னேன். அம்மா அப்போது நூறு நாள் வேலையிலிருந்து வந்து, கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். சில வருடங்களுக்கு முன் அந்த வேலையில் அம்மா போன நாட்களை வருகைப் பதிவில் வேறொரு பெண்ணின் பெயரில் எழுதிவிட்டார்கள். நான் படித்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. அடுத்த நாள் ஊராட்சி அலுவலக வாசலில் காலையிலிருந்து மதியம் வரை நின்று, எழுதியவர் கையாலேயே திருத்த வைத்துவிட்டுத்தான் வந்தார்.

"அவனுக்குப் படிக்கத் தெரியாதா?"

"தமிழ் தெரியாது."

"உன்கிட்ட கேட்டானா, இது நானான்னு?"

"கேட்டான்."

"என்ன சொன்ன?"

நான் புது நோட்டை மூடினேன். அம்மா செம்பைக் கவிழ்த்து வைத்தார். "நம்ம வீட்டுலேருந்து ஒருத்தி எழுதப் போயி, இதையா எழுதுன?" என்றார். பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

புது நோட்டிலிருந்து எழுதிய பக்கங்களைக் கிழித்தேன். பழைய நோட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டு இரண்டு நாளில் ஒரு கடிதம் எழுதினேன். ஆங்கிலத்தில், நான்கு பக்கம். முப்பத்தொரு ஆட்டம், அறுபத்தேழு விக்கெட், ஒவ்வொன்றிலும் எத்தனை ஓவர், எத்தனை ரன், யாரை எப்படி வீழ்த்தினான் என்பது வரை. கடைசி இரண்டு வருட இறுதி ஆட்டங்களையும் ஒரு பையன் செல்போனில் எடுத்து யூடியூபில் போட்டிருந்தான். அதில் இவன் முகம் தெரியும், கமென்ட்ரி மைக்கில் சிங்கப்பூர்க்காரர் பெயரும் கேட்கும். எத்தனையாவது நிமிடத்தில் எந்த விக்கெட் என்று அதையும் குறித்தேன். கடைசிப் பத்தி மட்டும் ஒரு மாலை முழுவதையும் எடுத்துக்கொண்டது. இந்த விக்கெட்டுகள் எங்கள் நோட்டில் வேறொருவர் பெயரில் உள்ளன, உள்ளூர் விதியை மீறுவதற்காக அப்படிச் செய்யப்பட்டது, தெரிந்தே அப்படி எழுதியவள் நான், பந்து வீசியவர் இவர். இவ்வளவுதான் இருந்தது அதில். கீழே என் முழுப்பெயர், கையொப்பம், மையத்தின் முகவரி.

மதியம் மூன்று மணிக்குக் கடைக்கு எடுத்துப் போனேன். முட்டைகோஸ் அரிந்துகொண்டிருந்தான். கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தான்.

"முழுசாப் படி. இதப் பாத்து உன்னையும் ஏமாத்துறவன்னு நினைக்கலாம். கூப்பிடாமலும் போகலாம். வேணாம்னா நான் அனுப்பல."

"அனுப்பலைன்னா?"

"படிவத்துல அந்த இடத்தக் காலியா விடணும்."

அவனுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். "என் பேரு எங்க?" என்றான். முதல் வரியில் காட்டினேன். தன் குடியுரிமை அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். பிறகு இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம் என்று தன் பெயர் வரும் இடங்களை எல்லாம் தேடித் தேடிப் பார்த்தான். கடைசிப் பத்தியைப் படிக்க வெகுநேரம் ஆனது.

"பந்து நான் போட்டது. அதுல பொய் இல்ல. அனுப்பு அக்கா."

கடையிலிருந்தே அனுப்பினேன். அதன் நகல் ஒன்றை டோர்னமென்ட் கமிட்டிச் செயலாளரிடமும் கொடுத்தேன். வெளியூருக்கு ஒன்றும் உள்ளூருக்கு ஒன்றுமாக எழுத எனக்கு விருப்பமில்லை.

கேப்டன் அன்று மாலையே மையத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அவனுக்கு எழுதிக் குடுத்த, சரி. கமிட்டிக்கு எதுக்கும்மா குடுத்த?"

"அந்த கிளப்புலேருந்து யாராவது போன் பண்ணிக் கேட்டா, கமிட்டில வேற மாதிரி சொல்லிடுவாங்கண்ணே."

"நீ மட்டும் யோக்கியம், நாங்க எல்லாம் திருடன், அப்படித்தானே?"

"என்னையும் சேத்துத்தான் எழுதிருக்கேன்ல, அதுலயே."

"ரெண்டு கப்பு வாங்கியிருக்கோம்மா. ரெண்டு கப்பு! வெயில்ல கெடந்து ஆடுன மத்த பத்துப் பேரும் ஒனக்கு ஆளாத் தெரியல?"

அவர் சொன்னதும் நியாயம்தான். பத்துப் பேரும் தங்கள் சொந்தப் பெயரில்தான் ஆடினார்கள்.

கமிட்டி கூடியது. என்னையும் கூப்பிட்டார்கள், இன்சூரன்ஸ்காரரையும் கூப்பிட்டார்கள். கடிதத்தில் இருப்பது சரிதானா என்று அவரைக் கேட்டார்கள்.

"பவுலிங் போட்டது அந்த மாஸ்டர்தாங்க. கணக்கு ஒண்ணுகூடத் தப்பில்ல, அந்தப் பொண்ணு கணக்கு தப்பாது. கீப்பர் பேச்ச மட்டும் இப்ப எடுக்காதீங்க."

கீப்பர் பேச்சையும் எடுத்தார்கள். ஒன்பது அணிகளின் பட்டியலையும் திரும்பப் பார்த்ததில் பதினான்கு பேர் கடல் கடந்து இருந்தார்கள். அத்தனை அணிகளையும் நிறுத்தினால் டோர்னமென்ட்டே நடக்காது. ஆகவே எங்கள் அணிக்கு மட்டும் ஒரு வருடத் தடை விதித்தார்கள், இரண்டு கோப்பைகளையும் திருப்பித் தரச் சொன்னார்கள். ஸ்கோர் மேசைக்கு இனி நான் வர வேண்டாம் என்றும் சொன்னார்கள். பொய் எழுதியதற்காகவா, சொன்னதற்காகவா என்று கேட்டேன். செயலாளர் தண்ணீர் குடித்தார்.

கிளப்பிலிருந்து பதில் வர எட்டு நாள் ஆனது. இரண்டே வரி. கடிதத்தைப் படித்தோம், வீடியோவைப் பார்த்தோம், முகாமுக்கு வந்து பந்து போட்டுக் காட்டட்டும் என்று இருந்தது. அவன் கடையில் கணக்கு முடித்துக்கொண்டு கிளம்பினான். மயிலாடுதுறை ரயில் நிலையத்துக்குக் கேப்டனும் வந்திருந்தார். என்னோடு பேசவில்லை. அவனிடம் ஒரு புதுப் பந்தைக் கொடுத்து, "அங்க போயாவது ஷார்ட்டாப் போடாம போடு" என்றார். அவன் என்னிடம் நன்றி ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வருடம் அவன் அப்பாவுக்குப் போன படங்கள் அங்கே அப்படியேதான் இருக்கும். நானும் அவன் நன்றியை எதிர்பார்க்கவில்லை.

முகாமில் தேறினான். கிளப்புக்கு அவன் ஆடிய முதல் ஆட்டத்தின் ஸ்கோர் அட்டையை அனுப்பியிருந்தான். ஏழு ஓவர், நாற்பத்து நான்கு ரன், ஒரு விக்கெட். அந்த ஊர் பிட்ச் எங்கள் களிமண் போலத் திரும்பாது என்று நினைக்கிறேன். மூன்றாவது ஓவரில் மட்டும் பத்தொன்பது ரன் போயிருந்தது. பவுலர் வரியில் அவன் பெயர் அச்சாகியிருந்தது. இரண்டாவது ஆட்டத்தில் அவனை இறக்கவில்லை. மூன்றாவதில் இறக்கினார்கள், மூன்று விக்கெட் எடுத்தான்.

சிங்கப்பூர்க்காரரின் அம்மா ஒரு நாள் மையத்துக்கு வந்தார். பயோடேட்டாவை மேசையில் வைத்தார்.

"பொண்ணு வீட்டுல விசாரிச்சுட்டாங்க. அந்த வரிய எடுத்துடு. போட்டதும் நீதான், எடுக்குறதும் நீதான். நல்லா இருக்கு ஒன் தொழிலு."

எடுத்து, பத்துப் பிரதி அச்செடுத்துக் கொடுத்தேன். கோப்பையை என்ன செய்வது என்று கேட்டார். கமிட்டியில் கொடுத்துவிடச் சொன்னேன். "அது இருந்த எடத்துல டிவி ரிமோட்ட வெச்சுக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் பக்கத்தில் ஸ்கோர் எழுத இனி எந்த அணியும் என்னைக் கூப்பிடாது. லீக் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுத வேண்டுமானால் அதற்கென்று தேர்வு இருக்கிறது, அதற்குச் சென்னை போக வேண்டும். விண்ணப்பத்தில் முன் அனுபவம் என்று ஓர் இடம், அதை எந்த அமைப்பில் எழுதினீர்கள், ஏன் விலகினீர்கள் என்று இன்னோர் இடம். முதலாவதில் மூன்று பருவம், முப்பத்தொரு ஆட்டம் என்று எழுதினேன். இரண்டாவதில், பந்து வீசியவரின் பெயரை மாற்றி எழுதியதாக நானே தெரிவித்ததால் விலக்கப்பட்டேன் என்று எழுதி, கடிதத்தின் நகலை இணைத்தேன். போன திங்கட்கிழமை மையத்தைத் திறந்ததும், முதல் ஆள் உள்ளே வருவதற்கு முன், அதை அனுப்பிவிட்டேன்.